நெட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடு

கோவில்பட்டிப் பக்கம்
1.11.2025, சனிக்கிழமை

தீப்பெட்டி ஆபீசுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற, சுருக்குப் பைக்குள் பட்டன் போன் வைத்திருக்கிற ஆச்சிமார், அத்தைமார், சித்திமார், மதினிமார் எல்லோருக்கும்,

நான்தான், ஜெராக்ஸ் மிஷினும் ரீசார்ஜும் வைத்திருக்கிற கடைக்காரி. தினமும் பார்க்கிற முகத்துக்கு என்ன கடிதாசி என்று கேட்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வேன் உங்களை இறக்கிவிட்டதும் இருபது பேர் ஒரே மூச்சில் கடை வாசலில் நிற்கிறீர்கள். ஒருத்திக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், ஒருத்திக்குத் தண்ணி பிடிக்க வேண்டும். "வழக்கமா போடுறதப் போட்டு விடு தாயி" என்று காசை நீட்டுகிறீர்கள். நானும் வழக்கமாகப் போடுகிறதைப் போட்டு அனுப்பிவிடுகிறேன். அந்த அவசரத்தில் சொல்ல வாய்க்காததைத்தான் எழுதியிருக்கிறேன். கடைச் சுவரிலும் ஒட்டுவேன். எழுத்து தெரியாதவர்கள் பேரன் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு வார்த்தை: கணக்கு வருகிற இடத்தைத் தாண்டிக் குதிக்காதே, ரெண்டு தடவை வாசி.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஆச்சி. பெயரைப் போட்டால் கடைக்கே வந்து வைவாள், அதனால் வேண்டாம். போன மாசி மாதம் வந்தாள். அவள் போனை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: 5-ஆம் நம்பர் பட்டன் தேய்ந்து வெளுத்துப் போனது, பின்மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. 199 ரூபாய் போட்டு முடித்ததும் மெசேஜ் வந்து விழுந்தது. கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளிடம் ஆச்சி போனை நீட்டினாள். "என்ன எழுதியிருக்கான்னு வாசி." மகள் வாசித்தாள்: 28 நாள், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், 2 ஜிபி நெட்.

"நெட்டுன்னா?"

"படம் பாக்குறது ஆச்சி."

ஆச்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்கன படம் தெரியுது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ தாயி, எனக்கு நெட்டு என்னத்துக்கு? அதக் கழிச்சிட்டு மிச்சத்தக் குடு."

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுக் கணக்கு நோட்டைப் பார்க்கும்போதுதான் சுருக்கென்றது. அன்றைக்குப் போட்ட ரீசார்ஜில் பாதிக்கு மேல் பட்டன் போன். அத்தனை பேரும் நெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஒருத்தர்கூட அதைத் தொடப் போவதில்லை. 28-ஆம் நாள் ராத்திரி அந்த 2 ஜிபி அப்படியே அழிந்துபோகும், மறுபடி 2 ஜிபி வாங்குவீர்கள். கத்தரிக்காய் வாங்கப் போனால் சொத்தையைப் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் தராசில் ஏற்ற விடுவீர்கள். ரீசார்ஜ் கடையில் மட்டும் சொத்தையும் சேர்த்து எடை போட்டுக் கொடுத்தவள் நான்.

அந்த ராத்திரியே ரீசார்ஜ் போடுகிற ஆப்பைத் திறந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். இருந்தது. நெட் இல்லாத, பேச மட்டும் ஆன பேக். முதல் பக்கத்தில் இல்லை, மேலே பளபளவென்று காட்டுகிற இடத்திலும் இல்லை, கீழே எங்கேயோ கிடந்தது. அது கம்பெனிக்காரர்கள் மனமிரங்கிக் கொடுத்ததும் கிடையாது. டிராய் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, போன் கம்பெனிகளுக்கு நாட்டாமை மாதிரி. அது 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது: பேச்சுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் தனியாக ஒரு பேக் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தே தீர வேண்டும் என்று. நெட் வேண்டாதவர்கள் தலையில் நெட்டைக் கட்டக் கூடாது என்பதுதான் விஷயம். ஆச்சி மாசியில் கேட்டதை டிராய்க்காரர்கள் மார்கழியிலேயே கேட்டுவிட்டார்கள். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவளுக்கும் தெரியவில்லை.

இனி கணக்கு. ஏர்டெல்லில் நெட் இல்லாத பேக் 469 ரூபாய், 84 நாள். 84 நாள் என்றால் மூன்று 28. நீங்கள் வழக்கமாகப் போடுகிற 199-ஐ மூன்று தடவை போட்டால் 597 ரூபாய். 597-இல் 469 போக 128. ஆச்சி கேட்ட மிச்சம் இந்த 128 ரூபாய்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தர் பையிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. ஜியோ வைத்திருப்பவர்களுக்கு அங்கே 448 ரூபாய், அதே 84 நாள். அவர்களுடைய 28 நாள் பேக் 189. மூன்று தடவைக்கு 567, மிச்சம் 119.

வருஷத்துக்கும் இருக்கிறது. ஏர்டெல்லில் 1,849 ரூபாய்க்கு 365 நாள், நாளுக்கு 5 ரூபாய் 7 காசு. 199-ஐ வருஷம் முழுக்கப் போட்டால் 13 தடவை போட வேண்டும், 2,587 ரூபாய் ஆகும். ஜியோவில் 1,748-க்கு ஒன்று உண்டு. "ஒரு வருசத்துப் பேக்" என்று வாய்வார்த்தையில் சொல்வார்கள், ஆனால் அது 336 நாள். வருஷத்துக்கு 29 நாள் குறை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வருஷம் என்று காதில் விழுந்ததும் நாளை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

13 தடவையா, வருஷத்துக்கு 12 மாதம்தானே என்று போன வாரம் ஒரு மதினி சண்டைக்கு வந்தாள். மாதம் 30 நாள், பேக் 28 நாள். ஜனவரி 5-ஆம் தேதி போடுகிறீர்கள். அடுத்தது பிப்ரவரி 2. அதற்கடுத்தது மார்ச் 2. அதுவும் முடிந்து அதே மார்ச் 30-ஆம் தேதி மறுபடி வந்து நிற்கிறீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு. "இப்பத்தானே போட்டேன்" என்று என்னிடம் சண்டை போட்டவர்களை நான் எண்ணி வைத்திருந்தால் அந்தக் கணக்குக்கே ஒரு நோட்டு வேண்டும். 30 நாள் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதிக்கு வருகிற பேக்கும் ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் சொல்லிவிட்டது. வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் காட்டுவார்கள்.

ஆகவே விலையை மட்டும் பார்க்காதீர்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். ஜியோவில் 189 ரூபாய்க்கு 28 நாள் என்றேன். ஏர்டெல்லிலும் 2025-இல் 189-க்கு ஒரு பேக் வந்தது, அதற்கு 21 நாள்தான். 199 கொடுத்து 28 நாள் வாங்குகிறவருக்கு நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. பத்து ரூபாய் மிச்சம் என்று அந்த 189-க்குப் போனவருக்கு நாளுக்கு 9 ரூபாய். பிஎஸ்என்எல் 107 ரூபாய்ப் பேக்கும் இப்படித்தான். முன்பு 35 நாள் இருந்தது, பிறகு 28 ஆனது. விலை ஏறவில்லை, அதனால் யாரும் கோபப்படவில்லை. நம் ஊர்க் கடலைமிட்டாய் பாக்கெட்டில் ஒரு துண்டு குறைந்தால் பிரிக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். நாள் குறைந்தால் தெரிவதில்லை.

இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன். நான் கடை போட்டது 2007. அப்போது சுரண்டுகிற கார்டு. பத்து ரூபாய் ஈஸி போட்டால் ஒரு வாரம் ஓடும். வருகிற காலுக்குக் காசே கிடையாது, 2003-லிருந்தே அப்படித்தான். அதற்கு மேல் "லைஃப்டைம்" என்று ஒன்று விற்றார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் இன்கமிங் வரும் என்று. 2018 கடைசியில் அது முடிந்தது. மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வருகிற காலும் நிற்கும் என்றார்கள். 35-க்கே அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டினீர்கள். அது படிப்படியாக 99, 155, 179 என்று ஏறி, 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் ஒரே வாரத்தில் விலையை ஏற்றியதில் 199-இல் வந்து நிற்கிறது. திருப்பூரில் இருக்கிற மகன் கூப்பிட்டால் எடுத்துப் பேசவும், உரிமைத் தொகை ஆயிரம் ஏறிய மெசேஜைப் பார்க்கவும் மட்டும் போன் வைத்திருக்கிறவள், அந்த ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கே கொடுக்கிறாள். பத்து ரூபாய் டாப்-அப் இன்னும் இருக்கிறது. ஆனால் பத்து போட்டால் பத்து நிற்காது, வரி, கட்டணம் எல்லாம் போக 7 ரூபாய் 47 காசுதான் நிற்கும். அதை வைத்துப் பேசவும் முடியாது, முதலில் வேலிடிட்டி இருக்க வேண்டும்.

சரி, 469 மலிவு என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்றைக்கே எனக்குப் பதில் வந்தது. "மலிவுதான் தாயி, மொத்தமா 469-க்கு எங்க போக?" வாரக் கூலி வாங்குகிறவளிடம் மூன்று மாதத்துக் காசை ஒரே நாளில் கேட்பது நடக்கிற காரியமா? இங்கேதான் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம். நெட் இல்லாத பேக் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்கள், ஆனால் பெரிய தனியார் கம்பெனிகள் 84 நாளுக்கும் வருஷத்துக்கும்தான் வைத்தார்கள். 28 நாளுக்குப் பேச மட்டும் ஒரு பேக் 120, 130 ரூபாய்க்கு இருந்தால் இந்தக் கடிதாசியே வேண்டியதில்லை. கையில் காசு இருக்கிறவனுக்கு நாளுக்கு 5 ரூபாய், இல்லாதவளுக்கு 7 ரூபாய். அரிசி மூட்டையாக வாங்குகிறவனுக்கும் அரைப்படி வாங்குகிறவளுக்கும் உள்ள பழைய கதைதான்.

இதற்கும் வழி சொன்னது நான் இல்லை, பண்டல் கட்டுகிற ஒரு சித்தி. 84 நாளை வாரத்தால் வகுத்தால் எத்தனை என்று கேட்டாள். 12. சரியாகப் 12 வாரம், ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அப்பச் சீட்டுப் போட்டுருவோமே" என்றாள்.

ஆடி மாதம் 3-ஆம் தேதி, ஜூலை 19 சனிக்கிழமை, ஆரம்பித்தோம். 12 பேர். ஆளுக்குச் சனிக்கிழமை தோறும் 40 ரூபாய். 12 நாற்பது 480. அந்த வாரம் யார் முறையோ அவர் நம்பருக்கு 469 போட்டுவிடுவேன். 12 வாரம் முடிந்து முதல் ஆளுக்கு மறுபடி முறை வருகிற அன்றைக்குத்தான் அவர் பேக்கும் முடிகிறது. அக்டோபர் 11, அதுவும் சனிக்கிழமை. நோட்டில் பேனாவை வைத்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கம்பெனிக்காரன் நம் சம்பள நாளைக் கேட்டுவிட்டுப் பேக் போட்ட மாதிரி இருந்தது.

குலுக்கல் கிடையாது, தள்ளுச் சீட்டும் கிடையாது. யார் பேக் முதலில் முடிகிறதோ அவர் முதலில். சிக்கல் முதல் சுற்றில் மட்டும்தான். பின்வரிசைக்காரர்களுக்குத் தங்கள் முறை வருவதற்குள் பழைய பேக் முடிந்துபோகும். இடையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ 199 போட வேண்டி வரும், அதோடு வாரம் 40-உம் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தேன். 11-ஆம் இடத்தை என் அம்மாவுக்கும் 12-ஆம் இடத்தை எனக்கும் வைத்துக்கொண்டேன். ஒரு தடவை சுற்றி வந்துவிட்டால் பிறகு செக்கு மாதிரி தானாக ஓடும். தீபாவளி வாரம் மட்டும் நாலு பேர் இழுத்தார்கள், அடுத்த வாரம் 80-ஆகக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி எது என்று முடிவு செய்யும் முன்பு டவரைப் பாருங்கள். எத்தனை மலிவாக இருந்தாலும் டவர் எடுக்காத சிம்முக்குப் போட்ட காசு கிணற்றில் போட்டதுதான். கடையில் நாலு கோடு காட்டுகிறது என்று நம்ப வேண்டாம், நீங்கள் கடையில் குடியிருக்கவில்லை. அடுப்படியில் எடுக்கிறதா, ராத்திரி படுக்கிற திண்ணையில் எடுக்கிறதா, ஆபீசில் தகரக் கொட்டகைக்குள் எடுக்கிறதா, இந்த மூன்று இடத்தில் பாருங்கள். அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கிற அடுத்த வீட்டுக்காரியின் போனை வாங்கிப் பார்த்தால் போதும், அரைக் காசு செலவில்லை. நம் ஊரிலேயே கீழத்தெருவில் எடுக்கிறது மேலத்தெருவில் எடுக்காது. விலை ஏறியபோது நிறையப் பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினீர்கள். டவர் எடுக்கிற தெருக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள், மற்றவர்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் பேசுகிறீர்கள். 2025 செப்டம்பரில் அவர்கள் நம் நாட்டிலேயே செய்த 4ஜியைத் தொடங்கினார்கள். எடுக்கிறதா என்பதை மறுபடி ஒரு தடவை அதே திண்ணையில் நின்று பாருங்கள்.

பட்டன் போனுக்கு இன்னொரு விஷயம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய சாதாரணப் பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் சும்மா கிடக்கும். 4ஜி எடுக்கிற பட்டன் போன் வேண்டும். அவர்களே ஜியோபாரத் என்று ஒரு பட்டன் போன் விற்கிறார்கள். அந்தப் போனில் மட்டும் 123 ரூபாய்க்கு 28 நாள் பேக் உண்டு. மூன்று தடவைக்கு 369. நெட்டும் சேர்த்தே கொடுக்கிறார்கள், அப்படியும் 448-ஐவிட மலிவு. நான் இவ்வளவு நேரம் சொன்ன நெட்டுக் கணக்கெல்லாம் அங்கே தலைகீழாகிறது. ஆனால் அந்தப் போனை வாங்க வேண்டும், அந்த சிம்மை வேறு போனுக்கு மாற்றினால் அந்த விலை கிடைக்காது. உங்கள் போன் உடைகிற நிலையில் இருந்தால் யோசியுங்கள். நன்றாக இருக்கிற போனைத் தூக்கிப்போட்டுவிட்டு வாங்க வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மேலத்தெரு அத்தை ஒருத்தி மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய் எட்டு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். மகள் போனிலேயே பேசிக்கொண்டதால் தன் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். எதற்கு வீணாக ரீசார்ஜ் என்று நினைத்தாள், நல்ல யோசனைதான். திரும்பி வந்து என்னிடம் போனை நீட்டினாள். சிம் செத்திருந்தது. அவள் நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். யாரோ ஒரு ஆண்பிள்ளை எடுத்து "யார் வேணும்?" என்றார். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அது என் நம்பருய்யா" என்றாள். அவர் பாவம், புது சிம் வாங்கியவர், "எனக்கு ஒரு மாசமா யாருக்கோ வர்ற பேங்க் மெசேஜா வருதும்மா" என்றார். பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றிலும் அவள் கொடுத்திருந்தது அந்த ஒரு நம்பர். ஒவ்வொன்றாக மாற்ற நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நாலு நாள் கூலியைக் கூட்டிப் பாருங்கள், 84 நாள் பேக்கே வந்திருக்கும்.

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி அந்த இணைப்பை எடுத்துவிடலாம். எடுத்த பிறகு இன்னொரு 90 நாள் காத்திருந்து வேறு ஆளுக்கு அந்த நம்பரைக் கொடுக்கலாம். சிம் கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஞாபகம் வையுங்கள், 20 ரூபாய் டாப்-அப் போட்டால் 20 நிற்காது, 14 ரூபாய் 95 காசுதான். இதனால் நம்பர் பிழைத்துக் கிடக்குமே தவிர, போன் வரும் என்று எண்ண வேண்டாம். அதனால் எந்த நம்பர் பேங்கிலும் ஆதாரிலும் இருக்கிறதோ, அதை மட்டும் எப்பாடு பட்டாவது உயிரோடு வையுங்கள். இரண்டு சிம் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் 199 போடுகிற வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. "ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டால், "கிடக்கட்டும்னு" என்கிறீர்கள். வருஷத்துக்கு 2,587 ரூபாய்க்கு ஒரு கிடக்கட்டும்!

கம்பெனி மாற்ற நம்பரை மாற்ற வேண்டியதில்லை. 2011-லிருந்து இந்த வசதி இருக்கிறது. 2018-இல் ஏர்செல் திவாலுக்குப் போனபோது தமிழ்நாட்டில் நிறையப் பேர் நம்பரை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். போர்ட் என்று இங்கிலீஷில் அடித்து, இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோடு வரும். அதோடு ஆதாரைக் கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கோடு நாலு நாளைக்குத்தான் செல்லும். போன மாதம்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன் என்றால் கோடு வராது, 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பழைய பேக்கில் மிச்சம் இருக்கிற நாளும் காசும் கூட வராது, ஆகவே 469 போட்ட மறுநாள் மாறப் போகாதீர்கள். பேக் முடிய மூன்று நாலு நாள் இருக்கும்போது மாறுவதுதான் கணக்கு. அந்த எட்டு எழுத்தைப் போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, நானே கேட்டாலும்.

சிம் வாங்கும்போது விரல் வைக்கிறீர்களே, அங்கேயும் கண் வேண்டும். "சரியாப் பதியல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி உங்கள் பெயரில் இன்னொரு சிம்மையும் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி என்கிற அரசாங்கத் தளத்தில் பார்க்கலாம். கடைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

போன் பட்டனை எங்கேயோ அமுக்கி பாட்டு, ஜோசியம், கிரிக்கெட் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு பேலன்சைத் தின்றால், 155223-க்கு அடித்து நிறுத்தச் சொல்லலாம். காசு பிடித்த ஒரு நாளைக்குள் சொன்னால் திரும்பக் கேட்கவும் முடியும்.

டச் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு எங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்கும். உங்களுக்கு ஒரே ஒரு விஷயம். தினம் ஒன்றரை ஜிபி என்பது ராத்திரி 12 மணியோடு செத்துப்போகும், நேற்றைய மிச்சம் இன்றைக்கு வராது. ஒரு வாரம் தினமும் தூங்கப் போகும்போது எவ்வளவு மிச்சம் என்று எழுதி வை. தினமும் ஒரு ஜிபி மிச்சம் கிடந்தால் நீ பெரிய பேக் போடுகிறாய் என்று அர்த்தம். ஜியோவில் 28 நாள் 299-க்குப் பதிலாக மாதத் தேதிக்கு வருகிற 319-ஐப் போட்டால் வருஷத்துக்கு 59 ரூபாய் குறைகிறது, அப்பாவிடம் மாதம் ஒரே தேதியில் கேட்டால் போதும். மற்றதை நீயே பார்த்துக்கொள், என்னைவிட உனக்குத் தெரியும்.

நான் எழுதிய விலை எல்லாம் 2025 நவம்பர் விலை. நாளைக்கு மாற்றுவார்கள். அதனால் விலையை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும், என் கடையாகவே இருந்தாலும், "நெட்டு இல்லாத பேக் எது, எத்தன நாளு?" என்று கேளுங்கள். கடைக்காரர் இல்லை என்றால் அவர் போனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவரும் எங்களை மாதிரிதான், முதல் பக்கத்தில் இருப்பதைத் தட்டிப் பழகிய கை. எங்களுக்கு இதில் நிற்கிற கமிஷன் சொற்பம். நீங்கள் 128 ரூபாய் மிச்சம் பிடித்தால் அதில் என் நஷ்டம் ஒரு டீக்கு வருமோ என்னவோ. அந்த டீயை நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சீட்டு கார்த்திகை முதல் சனிக்கிழமை, நவம்பர் 22, ஆரம்பம். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மூன்று இடம் இருக்கிறது. ஏர்டெல் நம்பர்காரர்கள் மட்டும் இதில் சேரலாம். 448-காரர்களுக்கு ஆள் சேர்ந்தால் தனியாகப் போடலாம். வரும்போது போனைக் கொண்டு வாருங்கள், பேக் என்றைக்கு முடிகிறது என்று பார்த்து வரிசை எழுத வேண்டும்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. 480-இல் 469 போக வாரம் 11 ரூபாய் நிற்கிறது. முதல் சுற்று முடிய 132 ரூபாய் சேர்ந்தது. அதை வைத்துக் கடைசி வாரம் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கினேன். ஆச்சி வடையைத் தின்றுவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டாள். ஏன் ஆச்சி என்றேன்.

"டீ நான் குடிக்க மாட்டேன்ல? அதக் கழிச்சிட்டு இன்னொரு வட குடு."

இப்படிக்கு,
உங்கள் ரீசார்ஜ் கடைக்காரி